குவாங்சோ வினாவிடை

என்னுடைய மனுசன் ஏழு மாதம் குவாங்சோ நகரத்தில் இருந்தார். ஆனால் அந்த நகரத்தைப் பார்த்தது நான்தான். அதுவும் ரொறன்ரோவில், அஜின்கோர்ட் நூலகத்தில், ஜன்னலோர மேசையில், குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல்.

இதைச் சொன்னால் நான் பகிடி விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். எனக்குப் பகிடி வராது. ஊரில், பேசாலையில், எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பதினொரு வருசம் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்தவள் நான். கேள்வி கேட்பேன், பதில் வரவேண்டும். வராவிட்டால் காதைத் திருகுவேன். கல்யாணத்துக்கு முதலே என் குரலுக்குப் பயந்தவர் என்று வின்சன்ற் தன் வாயாலேயே சொல்லுவார்.

கட்டி இரண்டு வருசம்தான் ஒன்றாக இருந்தோம். அவர் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். தொண்ணூற்றொன்றில் நான் ரொறன்ரோ வந்துவிட்டேன். அவரை முறைப்படி ஸ்பொன்சர் செய்வதற்கு முதலில் எனக்கு லாண்டட் பேப்பர், அதாவது இங்கே நிரந்தரமாக இருக்கிற அனுமதி, வர வேண்டும். அது வருகிறது, வருகிறது என்று மூன்று வருசமாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில், இதே நகரத்தில் ரெக்ஸ்டேலில் இருக்கும் பஸ்ரியன் அண்ணை, காசுக்குக் களவாக ஆள் அனுப்புகிற ஓர் ஏஜென்சிக்காரனைப் பிடித்தார். பஸ்ரியன் அண்ணை வின்சன்றின் பெரியப்பா மகன்.

“பிள்ளை, சைனாப் பாதை இப்ப லேசு. மிஞ்சினால் ரெண்டு கிழமை. பிறகு ஏத்தி விட்டிடுவாங்கள்” என்றார்.

பஸ்ரியன் அண்ணைக்கு எல்லாம் லேசுதான். ரெக்ஸ்டேலில் சோபாவில் சாய்ந்துகொண்டு பார்த்தால் எந்தப் பாதையும் லேசாகத்தான் தெரியும்.

தொண்ணூற்று நாலு செப்ரெம்பரில் வின்சன்ற் குவாங்சோவில் போய் இறங்கினார். கூட இன்னும் நாலு பொடியள். ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் ஐந்து பேரையும் ஓர் அறைக்குள் விட்டு, வெளியே தலை காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டான் ஏஜென்சிக்காரன். ஒரு சீனப் பெண் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய். அவர் கண்ட சீனா அவ்வளவுதான்.

அந்த ஊரில் வருசத்துக்கு இரண்டு தரம், வசந்தத்தில் ஒன்றும் இலையுதிர் காலத்தில் ஒன்றுமாக, பெரிய வர்த்தகச் சந்தை கூடும். உலகம் முழுவதிலும் இருந்து வியாபாரிகள் வந்து குவிவார்கள். அந்தச் சனத்தோடு சனமாக இவர்களை ரயிலில் ஏற்றி ஹொங்கொங்குக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விமானத்தில் ஏற்றுவதுதான் திட்டம். ஒக்ரோபர் சந்தைக்குப் பாஸ்போட்டுகள் தயாராகவில்லை. இனி ஏப்ரல்தான் என்று ஏஜென்சிக்காரன் கையை விரித்துவிட்டான். கள்ளப் பாஸ்போட்டின்படி, ஏப்ரல் சந்தைக்கு வின்சன்ற் மொரீசியஸ் நாட்டிலிருந்து சைக்கிள் சாமான் வாங்க வந்த வியாபாரி.

“பாஸ்போட் கவுண்டரில கேள்வி கேப்பாங்களாம்” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த அறைக்கு நான் எடுத்த ரெலிபோனில் சொன்னார் வின்சன்ற். “கன்ரனில என்ன பாத்தனீர், எங்க போனனீர் எண்டு. முந்தி ஒருத்தன் முழுசிக்கொண்டு நிண்டு பிடிபட்டவனாம். நான் என்னத்தைச் சொல்லுறது கிளடிஸ்? தண்ணிப் பைப்பைச் சொல்லவோ?”

கன்ரன் என்பது அதே ஊரின் பழைய பெயர். அதுகூட எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த நாளே வேலை முடிந்து நேரே நூலகத்துக்குப் போனேன். கன்ரன், குவாங்சோ, தென் சீனம் என்று அகப்பட்டதையெல்லாம் இறக்கி வைத்துக்கொண்டு ஓர் ஒற்றைறூல் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். என் ஆங்கிலம் அப்படியொன்றும் பெரிய ஆங்கிலம் இல்லை. ஒரு பக்கத்துக்கு இருபது தரம் அகராதி பார்த்தேன். இரண்டு கிழமையில் முதல் பாடம் தயார். எனக்குத் தெரிந்த ஒரே முறையில்தான் தயாரித்தேன், கேள்வியும் பதிலுமாக.

ஞாயிறு காலை எனக்குப் பத்து மணி என்றால் அவருக்கு இரவு பதினொன்று. நான் பூசையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கோல் எடுப்பேன்.

“இந்த நகரத்துக்கு எத்தினை வயசு?”

“ரெண்டாயிரத்து இருநூறுக்கு மேல.”

“ஆத்தின்ர பேர்?”

“முத்து ஆறு.”

“ஆட்டுச் சிலை ஏன் வைச்சிருக்கினம்?”

“அஞ்சு தேவர்மார் அஞ்சு ஆட்டில ஏறி, நெற்கதிரோட வந்து இறங்கினவை. ஊருக்கு இனிப் பஞ்சம் வராதெண்டு சொல்லிப்போட்டுப் போனவை.” பிறகு கொஞ்சம் யோசித்து, “ஆட்டில ஏறியோ? பாவம் ஆடு” என்றார்.

“பகிடி வேண்டாம். கவுண்டரில பகிடி விட்டால் பிடிச்சுப்போடுவாங்கள்.”

இப்படியாக நகரம் வளர்ந்தது. ஒரு கிழமை, இரண்டாயிரம் வருசத்துக்கு முந்திய ஓர் அரசன். பச்சை மணிக்கல்லில் தைத்த உடுப்போடு புதைத்த அவனை, கட்டடம் கட்டக் குன்றை வெட்டியபோது கண்டெடுத்தார்கள். அடுத்த கிழமை, காஞ்சிபுரப் பக்கமிருந்து கப்பலேறிப் போய் அங்கே கரையிறங்கியதாகச் சொல்லும் போதிதர்மர். “அவருக்கு ஆர் ஏஜென்சி?” என்று கேட்டார் வின்சன்ற். அதற்கு அடுத்த கிழமை, கடல் கடந்து வந்த அராபியர் கட்டிய பள்ளிவாசல். அதன் கோபுரத்தில் கப்பல்களுக்காக விளக்கு எரிந்ததாம். அந்தக் காலத்தில் ஆறு கோபுரத்தின் காலடியில் ஓடியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே விலகிவிட்டது.

அந்த நகரத்துக்குள் ஒரு கிளர்ச்சிப் படை புகுந்து வெளிநாட்டு வியாபாரிகளை ஆயிரக்கணக்கில் வெட்டிய கதையும் புத்தகத்தில் இருந்தது. அதை நான் கொப்பியில் எழுதவில்லை. அறைக்குள் அடைந்திருக்கும் மனுசனுக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று நான்தானே யோசிக்க வேண்டும். பாடம் என்றால் சிலதை விடத்தான் வேண்டும்.

வெள்ளைக்காரக் கம்பனிகளின் காலத்துக்கு வந்தோம். ஆற்றங்கரையில் ஒரு சின்னத் துண்டு நிலத்தில் அவர்களின் சரக்குக் கிட்டங்கிகள் வரிசையாக நின்றன. நகரத்து மதிலுக்கு உள்ளே போக அவர்களுக்கு அனுமதி இல்லை. மனைவிமாரைக் கூட்டி வரவும் அனுமதி இல்லை. மாதத்தில் மூன்று நாள் மட்டும், மொழிபெயர்க்கிற ஒருவரின் காவலோடு, ஆற்றைக் கடந்து ஒரு தோட்டத்தில் உலாவலாம்.

வின்சன்ற், “மாசம் மூண்டு நாளோ?” என்றார். “குடுத்துவைச்சவங்கள்.”

ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். “ஆத்தங்கரையில வேற என்ன இருக்கு?”

நானும் சொல்லுவேன். படகுத்துறை, பழைய சுங்கக் கட்டடம், மரங்கள் நிற்கிற ஒரு தீவு. கடலோரத்தில் பிறந்த மனுசன், தண்ணீரைப் பற்றிக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

வேலையில் எனக்குச் சோடி மிஸஸ் லியூங். ஆஸ்பத்திரித் துணிகள் தோய்க்கிற ஒரு பெரிய லோன்றியில் வேலை செய்தோம். சூட்டோடு வரும் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையில் பிடித்து, உதறி, நடந்து வந்து முனைகளைச் சேர்த்து, திரும்பப் பின்னால் போக வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு தரம் முகத்துக்கு முகம் வருவோம். ஒவ்வொரு தரமும் ஒரு வசனம் பேசலாம். எங்கள் இரண்டு பேரின் ஆங்கிலத்துக்கும் ஒரு வசனமே போதும்.

அவள் பிறந்து வளர்ந்தது குவாங்சோவில். இது தெரிய வந்தபோது நான் விரிப்பைக் கீழே போட்டுவிட்டேன். சுப்பவைசர் கத்தினான்.

“நகரத்து மதில் எப்படி?” என்று கேட்டேன். மதிலின் பதினாறு வாசல்களையும் வின்சன்றுக்குப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

அடுத்த தரம் கிட்ட வந்தபோது சொன்னாள்: “மதில் இல்லை.”

அதற்கடுத்த தரம்: “என் தகப்பன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இடித்துவிட்டார்கள்.”

அதற்கடுத்த தரம்: “இப்போது ரோட்டு. பஸ் ஓடுகிறது.”

நான் எடுத்த புத்தகம் எந்த ஆண்டுப் புத்தகம் என்று நான் பார்க்கவே இல்லை. என்னுடைய மொரீசியஸ் வியாபாரி, எழுபது வருசத்துக்கு முதல் இடித்த மதிலில் மாலை நேரம் உலாவியதாகச் சொல்லத் தயாராக இருந்தார். அந்த ஞாயிறு முழுக்க மதிலை அழிக்கும் பாடம்தான். “கட்டினதும் நீர், இடிச்சதும் நீர்” என்று சிரித்தார் வின்சன்ற். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு எதையும் மிஸஸ் லியூங்கிடம் கேட்காமல் பாடத்தில் சேர்ப்பதில்லை. ஜனவரியில் ஒரு நாள், தன் சித்திக்கு ஆற்றங்கரைக்குக் கிட்டக் கருவாட்டுக் கடை இருக்கிறது என்று சொன்னாள். தெரு முழுக்கக் கருவாடும் காய்ந்த கணவாயும்தானாம்.

“எந்த இடம்?” என்றேன்.

“கல்வீட்டுக்குப் பக்கத்தில்.”

“கல்வீடு என்றால்?”

விரிப்பை மடித்து அடுக்கிவிட்டு, கையால் இரண்டு கூரான கோபுரங்களை மேலே காட்டினாள். பிறகு சிலுவை அடையாளம் வரைந்தாள். “உன்னுடைய ஆட்களின் கோயில். முழுக்கக் கல். பெரிசு.”

புத்தகத்திலும் தேடிப் பார்த்தேன். உண்மைதான். நூறு வருசத்துக்கு முதல், பிரெஞ்சுக் குருமார் இருபத்தைந்து வருசமாகக் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய இயேசுவின் திரு இருதயக் கோயில். இடையில் பூட்டிக் கிடந்து, இப்போது திரும்பப் பூசை நடக்கிறது.

நான் அதைக் கொப்பியில் எழுதி, பிறகு அந்தத் தாளைக் கிழித்தேன்.

வின்சன்றைத் தெரிந்தவர்களுக்கு ஏன் கிழித்தேன் என்று விளங்கும். நூற்றுநாலு டிகிரிக் காய்ச்சலோடும் ஞாயிறு பூசைக்குப் போகிற மனுசன் அவர். இடம்பெயர்ந்து காட்டுக்குள் தறப்பாளின் கீழ் இருந்தபோதும், எந்த மரத்தடியில் பூசை என்று விசாரித்துவிட்டுத்தான் தண்ணீர் எடுக்கப் போவார். அவரிடம் போய், நீங்கள் அடைபட்டுக் கிடக்கிற ஊரில் ஒரு பெரிய கோயில் இருக்கிறது, ஆனால் போகக்கூடாது என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? ஒன்றில் போவார், இல்லாவிட்டால் போகாமல் இருந்து சாவார்.

ஆகவே, “ஆத்தங்கரையில வேற என்ன இருக்கு?” என்று கேட்ட போதெல்லாம், “ஒண்டும் இல்லை. கடையள், கிட்டங்கியள்” என்றேன். பொய் சொன்னதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. அது பாவம் என்று எனக்குப் படவில்லை.

பெப்ரவரிக்குப் பிறகு அவர் மெலிந்துகொண்டு வந்தார். ரெலிபோனில் மெலிவு தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். பதில்கள் சின்னதாகிக்கொண்டு வந்தன. முத்து ஆற்றின் பெயரை மறந்தார். போதிதர்மரைப் பற்றிப் பகிடி விடவில்லை. ஒரு ஞாயிறு நான் ஐந்து கேள்வி கேட்டேன், ஐந்துக்கும் பேச்சில்லை. மற்றப் பக்கத்தில் வேறு குரல் வந்தது. அறையில் இருந்த பொடியன் கிளிபோட்.

“அக்கா, அண்ணை சாப்பிடுறாரில்லை. சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திருக்கிறார். நீங்கள் என்னவாவது சொல்லுங்கோ.”

என்னத்தைச் சொல்ல? அந்தக் கிழமை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லோன்றியில் மடித்த விரிப்பையே திரும்ப விரித்து மடித்தேன். ஷெப்பேட் அவெனியூவில் ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு வீடு வரைக்கும் நடந்தேன். பஸ்ரியன் அண்ணைக்குக் கோல் அடித்தால், “பிள்ளை, இன்னும் ஒரு மாசந்தானே, பல்லைக் கடிச்சுக்கொண்டு இரும்” என்றார். யாருடைய பல்லை என்று கேட்க நினைத்தேன்.

குருத்தோலை ஞாயிறு அன்று, பூசையால் வந்து கையில் குருத்தோலையோடு நின்றபடி கோல் எடுத்தேன். வின்சன்றின் “ஹலோ” செத்த குரலில் வந்தது. அதைக் கேட்டதும் என்னால் அடக்க முடியவில்லை. வாயில் வந்துவிட்டது.

“இஞ்சேருங்கோ. அங்க ஒரு கோயில் இருக்கு. எங்கட கோயில். ஆத்தங்கரைக்குக் கிட்ட, முழுக்கக் கல்லால கட்டினது. ரெண்டு கோபுரம். பூசை நடக்குதாம். பக்கத்தில கருவாட்டுத் தெரு.”

அவர் சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வாய் விட்டுச் சிரித்தார்.

“கேள்வி கேளும்” என்றார்.

“என்ன?”

“பாடம் கேளும். எல்லாத்தையும் கேளும்.”

கேட்டேன். ஒன்றுவிடாமல் சொன்னார். ஆறு, ஆடு, அரசன், அராபியர், கிட்டங்கி, தோட்டம், மூன்று நாள். பரிசளிப்புக்கு நிற்கிற பிள்ளை மாதிரிச் சொன்னார். அடுத்த கிழமை, ஏப்ரல் பதினெட்டுச் செவ்வாய்க்கிழமை வெளிக்கிடுகிறோம் என்றார். நான் ரெலிபோனை வைத்துவிட்டுத் தேவனுக்கு நன்றி சொன்னேன். நல்ல வேலை செய்தேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு உயிர்த்த ஞாயிறு. ஈஸ்டர்ப் பூசையால் வந்து கோல் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் தூக்கவில்லை. பத்து நிமிசம் பொறுத்து எடுத்தேன். மத்தியானம் எடுத்தேன். பின்னேரம் எடுத்தேன்.

“நல்ல விசயம் பிள்ளை” என்றார் பஸ்ரியன் அண்ணை. “முந்தியே ஏத்தி விட்டிட்டாங்கள். நீர் கோழியை வாங்கி வையும்.”

கோழி வாங்கினேன். கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன். அவருடைய கால் அளவு தெரியாமல் ஒரு சோடி குளிர்ச் சப்பாத்து வாங்கி, அது சின்னதாக இருக்குமோ என்று மாற்றப் போய், பெரிசாக இருக்குமோ என்று திரும்பக் கொண்டுவந்தேன். கட்டி இரண்டு வருசம் ஒன்றாக இருந்த மனுசனின் கால் அளவு எனக்கு மறந்துவிட்டது. திங்களும் செவ்வாயும் வீட்டுக்குள் நடந்தே கழிந்தன. கீழ் வீட்டுக்காரி இரண்டு தரம் கூரையைத் தட்டினாள்.

புதன்கிழமை நாலு பேர் ரொறன்ரோ விமான நிலையத்தில் இறங்கினார்கள் என்று தகவல் வந்தது. ஐந்து பேர் இல்லை, நாலு பேர்.

வியாழக்கிழமை பின்னேரம் கிளிபோட் என் அப்பாட்மென்ருக்கு வந்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு இருக்கும். யாரோ கொடுத்த கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு, கதவடியிலேயே நின்றான்.

“உள்ள வா. அவர் எங்க?”

“அக்கா, வான் செவ்வாய்க்கிழமை எண்டுதான் சொன்னவங்கள். ஞாயிறு காலமை ஒன்பது மணிக்கு வந்து நிக்கிறாங்கள். சோதனை வரப்போகுது, இப்பவே இறங்கு எண்டு. அண்ணை இல்லை.”

“இல்லை எண்டால்?”

“விடிய வெளிக்கிட்டவர். நாங்கள் மறிச்சனாங்கள். உயிர்த்த ஞாயிறு, பூசை கண்டிட்டுப் பத்து மணிக்குள்ள வந்திடுவன் எண்டவர். சேட்டு ஒண்டை ஈரத் துணியால தேச்சு மடிப்பெடுத்துப் போட்டுக்கொண்டு போனவர். வான்காரன் கால்மணித்தியாலம் நிண்டான் அக்கா. நாங்கள் காலில விழுந்தம். அவன் கேக்கேல்லை. அறையையும் பூட்டிப்போட்டான். அண்ணையின்ர பாஸ்போட்டும் அவனிட்டத்தான்.”

யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. எதிரில் நின்றவன் அவன் ஒருவன்தான்.

“ஆரடா அவருக்குக் கோயிலைப் பற்றிச் சொன்னது?” என்று கத்தினேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். “நீங்கள்தானே அக்கா.”

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் யாருக்கும் விவரமாகச் சொன்னதில்லை. ஊரில் மூன்று மாதமாக நின்றிருந்த சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது என்று அதே வியாழக்கிழமை ரேடியோவில் சொன்னார்கள். அது எனக்குப் பாதிதான் காதில் ஏறியது. நூலகத்தில் குவாங்சோ வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, அது மூடும் வரைக்கும் இருந்தேன். இருநூறு வருசத்துக்கு முதல் வெள்ளைக்காரன் எந்தப் படியால் இறங்கி எந்தத் தோட்டத்துக்குப் போனான் என்று எனக்குத் தெரியும். ஆயிரம் வருசத்துக்கு முதல் ஆறு எங்கே ஓடியது என்று தெரியும். நேற்று இரவு என் மனுசன் எங்கே படுத்தார் என்று தெரியாது. இரண்டாயிரம் வருசத்தையும் தூக்கி ஜன்னலால் எறியலாம் போல இருந்தது.

மிஸஸ் லியூங்கிடம் சொன்னேன். ஒரு வசனமாகவும் இல்லை, இரண்டு வசனமாகவும் இல்லை, அழுகையாகத்தான் வந்தது. அவள் விரிப்பை என் கையிலிருந்து வாங்கித் தானே தனியாக மடித்தாள். அன்று இரவே சித்திக்குக் கோல் எடுத்திருக்கிறாள். அடுத்த நாள் வேலைக்கு வந்ததும் எனக்கு முன்னால் நின்று சொன்னாள்.

“ஒரு கறுப்பு மனிதன். கோயில் படியில் இரண்டு நாள் இருந்தான். சித்தி காய்ந்த கணவாயும் சோறும் கொடுத்தாள்.”

“பிறகு?”

“பொலிஸ் வந்து கேட்டது. அவன் கதைத்தான். நிறையக் கதைத்தான். பிறகு கூட்டிக்கொண்டு போனார்கள்.”

“அடித்தார்களா?”

“இல்லை. சித்தி பார்த்தாள். அடிக்கவில்லை.”

இதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். சுப்பவைசர் வந்தான், பார்த்தான், கத்தாமல் போனான்.

பன்னிரண்டாவது நாள், வெள்ளிக்கிழமை காலை, நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்க ரெலிபோன் அடித்தது.

“நான்தான்” என்றார்.

“எங்க நிக்கிறீங்கள்?”

“கொழும்பில. கொட்டாஞ்சேனையில ஒரு லொட்ஜில. திருப்பி அனுப்பிப் போட்டாங்கள். இஞ்சையும் நாலு நாள் வைச்சு விசாரிச்சிட்டு நேற்றுத்தான் விட்டவங்கள். நான் சுகமாத்தான் இருக்கிறன், அழாதையும்.”

நான் அழவில்லை. அழுகை வரும் இடத்தில் கோபம் வந்து நின்றது. நாலு வருசம் காத்திருந்து, ஏழு மாதம் படித்து, இரண்டு நாள் இருக்கையில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டு, சுகமாக இருக்கிறாராம். அதுவும் கொழும்பில், சண்டை தொடங்கி ஒன்பதாம் நாள்.

“பொலிசுக்கு என்ன சொன்னனீங்கள்?”

“எல்லாம் சொன்னனான். மொரீசியஸ், சைக்கிள் சாமான், சந்தை. அவங்களுக்கு விளங்கேல்லை. இங்கிலீசு தெரிஞ்ச ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தவங்கள். அவள் கேக்கக் கேக்கச் சொன்னன். ரெண்டாயிரத்து இருநூறு வருசம், அஞ்சு ஆடு, பச்சை உடுப்பு ராசா, ஆறு விலகினது. மதில் இல்லையெண்டும் சொன்னன். அவள் வாயைப் பிளந்துகொண்டு நிண்டாள். இதில பாதி எனக்கே தெரியாது எண்டு பொலிஸ்காரனுக்குச் சொன்னாள். அவன் எழும்பி எனக்குக் கை குடுத்தான் கிளடிஸ். பிறகு பாஸ்போட்டைக் கேட்டான்.”

பாடம் நூற்றுக்கு நூறு. பாஸ்போட் இல்லை. எங்களுடைய ஏழு மாதமும் இந்த இரண்டு வசனத்துக்குள் முடிந்துவிட்டது.

அதற்கு மேல் என்னால் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. “நான்தான் உங்களைக் கெடுத்தனான்” என்றேன். “அந்தக் கோயிலைப் பற்றி நான் வாய் திறந்திருக்கக் கூடாது. மூண்டு மாசம் ஒளிச்சு வைச்சிருந்தனான். இன்னும் ஒரு கிழமை ஒளிச்சிருந்தால் இப்ப நீங்கள் இஞ்ச இருந்திருப்பியள்.”

“ஒளிச்சனீர் எண்டு எனக்குத் தெரியும்.”

“என்ன?”

“மணி கேக்கும் கிளடிஸ். போன முதல் ஞாயிறில இருந்து கேட்டது. சுவருக்கு அங்கால எங்கயோ. கோயில் மணி எனக்குத் தெரியாதோ? நீர் எல்லாம் படிச்சுச் சொல்லுறீர், இதையும் ஒரு நாள் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். கிழமைக்குக் கிழமை கேட்டுப் பாத்தன், ஆத்தங்கரையில வேற என்ன இருக்கெண்டு. நீர் கடை, கிட்டங்கி எண்டீர். அப்ப விளங்கிச்சுது. நான் தாங்கமாட்டன் எண்டு மறைக்கிறீர். நானும் மணியைப் பற்றிச் சொல்லேல்லை. சொன்னால் நீர் தாங்கமாட்டீர்.”

ரெலிபோனைப் பிடித்தபடி குசினிச் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டேன். வேலைக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது.

“ஏழு மாசமாக் கேட்டும் போகாமல் இருந்தனீங்கள்” என்றேன். “பிறகு ஏன் போனனீங்கள்?”

பின்னால் லொட்ஜில் யாரோ பேசுகிற சத்தம் கேட்டது.

“நீர் சொன்ன பிறகு” என்றார், “நீர் என்னைப் போகச் சொன்ன மாதிரி இருந்தது.”

அவர் என்னில் குற்றம் பிடிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். குற்றம் பிடித்திருந்தால் நான் திருப்பிப் பேசியிருப்பேன், எனக்கு வாய் இருக்கிறது. ஏழு மாதம் மணி கூப்பிட்டும் எழும்பாத மனுசனை நான் ஒரு வசனத்தில் எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறேன். அந்தக் காலை நேரத்தில் அது எனக்கு வடிவாக விளங்கியது. விளங்கி என்ன செய்ய?

“கிளடிஸ், லைனில இருக்கிறீரோ?”

“இருக்கிறன்.”

“இஞ்ச நிக்கேலாது. ஒவ்வொரு இரவும் பொலிஸ்காரர் வந்து பேர் பதியிறாங்கள். அடுத்த மாசம் வேற பாதையால அனுப்பலாமாம். மொஸ்கோவாம். அங்கயும் கொஞ்ச நாள் அறையில இருக்க வேண்டி வருமாம்.” பிறகு கேட்டார். “அங்க ஆறு இருக்கோ?”

“இருக்கு” என்றேன். அதற்கு மேல் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.